வீரனுக்கு வைத்த மரக்கறிப் படையல்

நவரத்தினம் செத்து ஒன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்றே முக்காலுக்கு, வழக்கம்போல சிநேகிதன் மாமாங்கத்தின் தோட்டக் குடிசைக்கு வந்து சேர்ந்தார். முப்பத்தைந்து வருடமாக வந்துகொண்டிருந்த நேரம் அதுதான். செத்துவிட்டோம் என்பதற்காக அதை மாற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது.

ஆளைக் கண்ணால் காண முடியவில்லை. எதிர்க் கதிரை தானாகப் பின்னால் இழுபட்டது. அதன் பிரம்பு இருக்கை ஒரு தொண்ணூறு கிலோ பாரத்துக்கு முனகிக்கொண்டே பள்ளமாகியது. பிறகு கதிரைக்குக் கீழே தண்ணீர் தேங்கத் தொடங்கியது. கறுத்த தண்ணீர். அதில் பாசி ஓர் இழையும், நகத்தளவு பனிக்கட்டித் துண்டுகள் நாலைந்தும் மிதந்தன. டென்மார்க்கின் விபோர்க் ஏரி அந்த வருடம் இன்னும் உறையவே இல்லை.

மாமாங்கத்துக்கு அறுபத்தொன்பது வயது. பன்றி வெட்டும் தொழிற்சாலையில் முப்பது வருடம் நின்று ஓய்வு பெற்றவர். அங்கே ஒரு நாள் வரிசையில் வந்த பன்றியொன்று தன்னைப் பார்த்து டேனிஷில் காலை வணக்கம் சொன்னதாக இன்றைக்கும் சாதிப்பவர். ஆகவே அவர் சத்தம் போடவில்லை. மேசையைப் பார்த்தார். பன்றித்தோல் பொரியலை இரண்டு தட்டில் போட்டு வைத்திருந்தார், கை பழகிவிட்டது. எதிர்ப்பக்கத் தட்டு மெல்ல அசைந்து, ஒரு விரலளவு நகர்ந்து, நின்றுவிட்டது. எடுக்கப் போய் எடுக்க முடியாமல் விட்டதுபோல.

அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது. யாரோ எச்சில் விழுங்கும் சத்தம்.

மாமாங்கம் தொப்பியையும் எடுக்காமல் வெளியே வந்து, சைக்கிளில் ஏறி, பாதி வழியில்தான் மூச்சு விட்டார்.

நவரத்தினம் விபோர்க் தமிழர்களின் வீரன். சும்மா சொல்லவில்லை, நகரசபை எழுதிக் கொடுத்த பத்திரமே இருக்கிறது. எண்பத்தெட்டாம் ஆண்டு மாசி மாதம், ஏரியில் பனி உடைந்து விழுந்த மெட்டா என்ற ஆறு வயதுச் சிறுமியை, கழுத்தளவு குளிர்த் தண்ணீரில் நின்று மேலே தூக்கிப் போட்டவர். பத்திரிகையில் படம் வந்தது. கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருக்கும் கறுத்த மீசைக்காரர். அந்தப் படம் பெரிதாக்கப்பட்டு, சங்க மண்டபத்தில் சரஸ்வதிக்கும் தீயணைப்புக் கருவிக்கும் நடுவில் தொங்குகிறது. மெட்டா இப்போது நகரத்தில் பஸ் ஓட்டுகிறாள். செத்தவீட்டுக்கு வந்து, எல்லாரையும்விடப் பெரிய மலர்வளையம் வைத்து, எல்லாரையும்விடச் சத்தமாக அழுதவள் அவள்தான்.

பத்திரிகைக்காரருக்குத் தெரியாத சங்கதி மாமாங்கத்துக்குத் தெரியும். அந்தக் காலத்தில் அவர்கள் இருவரும் சேர எட்டுப் பிரமச்சாரிகள் ஒரு வீட்டில் இருந்தார்கள். அவர்களில் ஜெபநேசன் என்ற பெந்தெகொஸ்தே சகோதரர், வீட்டில் போத்தல் எதைக் கண்டாலும் தோத்திரம் சொல்லிக் கழிவறைக்குள் ஊற்றிவிடுவார். ஆகவே நவரத்தினம் தன் ஸ்னாப்ஸ் சாராயப் போத்தலின் கழுத்தில் கயிறு கட்டி, மீன் பிடிக்கிறவர்கள் பனியில் துளைத்த ஓட்டை வழியாக ஏரிக்குள் இறக்கி வைப்பார். குளிர்பெட்டிச் செலவும் மிச்சம், ஆண்டவரின் கண்ணுக்கும் மறைவு. அன்றைக்குக் கயிற்றை இழுக்கக் குனிந்தபோது பனி உடைந்தது. முதலில் விழுந்தவர் நவரத்தினம். கரையிலிருந்து அதைக் கண்ட சிறுமி, பாவம், கழுத்துத் துணியை அவிழ்த்து நீட்டிக்கொண்டு அவரைக் காப்பாற்ற ஓடி வந்தாள். அவளும் விழுந்தாள். அதற்குப் பிறகு நடந்ததுதான் பத்திரிகையில் வந்தது.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. சங்கம் பொன்னாடை போர்த்தி, கையில் ஒலிவாங்கியைக் கொடுத்தது. ஒலிவாங்கியைக் கையில் பிடித்த தமிழன் எப்போது நிறுத்தியிருக்கிறான்? நவரத்தினம் பேசிப் பேசி, கைதட்டல் ஏற ஏற, தான் குடிப்பதில்லை என்றார். பிறகு மச்சம், மீனோ இறைச்சியோ, தொடுவதில்லை என்றார். கடைசியில், வெள்ளிக்கிழமைகளில் மௌன விரதம் இருப்பதால்தான் தண்ணீருக்குள் மூச்சுப் பிடிக்க முடிந்தது என்றும் சொல்லிவிட்டார். இறங்கி வந்து மாமாங்கத்தின் காதைக் கடித்தார்.

“மச்சான், வாய் வழுக்கிட்டுதுடா. இனி மாத்தேலாது. நீ மட்டும் வெளியில விட்டியெண்டா, செத்தாலும் வந்து உன்ட தொண்டையில ஏறி இருப்பன்.”

மாமாங்கம் சத்தியம் பண்ணிக் கொடுத்தார். அவர் வாழ்க்கையில் காப்பாற்றிய ஒரே சத்தியம் அது. வெள்ளிதோறும் தோட்டக் குடிசையில் பன்றித்தோல், உப்பிட்ட மீன், மூன்று கிளாஸ் ஸ்னாப்ஸ். நாலரைக்கு ஏலக்காயைச் சப்பிக்கொண்டு நவரத்தினம் வீட்டுக்குப் போவார். வாயைத் திறந்தால் மணம் வந்துவிடும். ஆகவே படுக்கும்வரை திறப்பதில்லை. மௌன விரதம் ஒரு வெள்ளிகூடத் தவறியதில்லை.

மட்டக்களப்பில் வாவிக்கரையில் பிறந்து, நண்டும் இறாலும் தின்று வளர்ந்த இராசலட்சுமி, அந்த மனிதரைக் கட்டி இங்கே வந்தாள். இப்படிப்பட்ட புருசனின் அடுப்பில் மச்சச் சட்டி வைக்கலாமா என்று தானும் மச்சத்தை விட்டாள். முப்பத்துநாலு வருடம்.

இப்போது எட்டாம் நாள் படையலுக்கு வருவோம். செத்தவர் உயிரோடு இருந்தபோது ஆசைப்பட்டுத் தின்றதையெல்லாம் வீட்டுக்காரி தன் கையால் சமைத்து, வாழையிலையில் வைத்து, அறையைச் சாத்திவிட்டு விலக வேண்டும். குடிகாரனுக்குக் குடி, சுருட்டுக்காரனுக்குச் சுருட்டு. அதில் வெட்கம் பார்ப்பதில்லை. மாமாங்கத்தைப் பக்கத்தில் கூப்பிட்டு இராசலட்சுமி கேட்டாள்.

“அண்ணன், நீங்கதானே அவரோட கூடத் திரிஞ்சது. எனக்குத் தெரியாம அவருக்கு ஏதும் ஆசை இருந்ததா? வெட்கப்படாமச் சொல்லுங்க. ஒரு குறையும் வரப்படாது.”

உண்மை தொண்டை வரைக்கும் வந்தது. தொண்டையில் ஏறி இருப்பேன் என்றவனின் ஞாபகமும் வந்தது. “கத்தரிக்காய்க் குழம்பெண்டா உசிரை விடுவான் தங்கச்சி,” என்றார் மாமாங்கம். நவரத்தினத்துக்கு உலகத்தில் பிடிக்காத ஒரே காய் அது.

அடுத்த நாள்தான் கதிரை நகர்ந்தது. கெட்டிக்காரப் பேய் என்றால் அங்கே கிடந்த பொரியலைத் தின்றுவிட்டுப் போயிருக்கும். ஆனால் உரிமையுள்ளவள் கையால் படைக்காததைச் செத்தவர்கள் தொட முடியாது. அது எல்லாருக்கும் தெரிந்த சட்டம்.

மாமாங்கத்தின் குடிசையோடு அது நிற்கவில்லை. பதினாறாம் நாள் வெள்ளி பின்னேரம் இராசலட்சுமியின் வீட்டுப் பின்கதவிலிருந்து குசினிவரை ஈரக் கால்தடம். குளிர்பெட்டி திறந்து கிடந்தது. கத்தரிக்காய்கள் நிலத்தில், ஒவ்வொன்றும் நசுக்கப்பட்டு. இருபத்து மூன்றாம் நாள் அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பருப்புச் சட்டி கவிழ்ந்தது. பக்கத்தில் நின்று யாரோ எச்சில் விழுங்கினார்கள்.

“அவர் பசியோட நிக்கிறார்,” என்றாள். “என்ட கையில என்ன பிழையோ தெரியா. அவர் தின்னாம நான் எப்படித் தின்னுறது?”

அன்றைக்கு வாயை மூடியவள்தான். தேத்தண்ணி மட்டும். அடுத்த கிழமைச் சனி முப்பத்தோராம் நாள். அன்றோடு செத்தவர் வழி பார்த்துப் போய்விட வேண்டும். போகாவிட்டால் பிறகு போவதில்லை, பட்டினியோடு இங்கேயே கிடந்து அலைய வேண்டியதுதான். அப்படி ஆனால் தானும் சோறு தொடுவதில்லை என்று அவள் படத்துக்கு முன்னால் நின்று சொல்லிவிட்டாள். மாமாங்கம் செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்தபோது, அவளுடைய கல்யாண மோதிரம் விரலில் நிற்காமல் யன்னல் விளிம்பில் கிடந்தது.

அன்று பின்னேரமே அவர் இராசலட்சுமியின் மகள் லக்சனாவின் வீட்டுக்குப் போனார். லக்சனா கிம்னேசியம் என்ற மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியை. பழைய கிரேக்கரைப் பற்றி ஒரு பாடம், டென்மார்க்கில் எல்லாப் பிள்ளைகளும் படித்தே ஆக வேண்டியது. அதைத்தான் அவள் படிப்பிக்கிறாள். சோபா நிறையக் கட்டுரைத் தாள்கள். சிவப்புப் பேனையால் கீறிக்கொண்டிருந்தாள்.

“வாங்க மாமா. தாளைத் தள்ளிப்போட்டு இருங்க. அம்மா ஏதும் சாப்பிட்டாவா?”

“இல்ல பிள்ளை.”

“நாளைக்கு டொக்டர் வாறா. ஆஸ்பத்திரியில படுக்க வைக்க வேணுமாம்.” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தாளில் பெரிய சிவப்புக் கோடு போட்டாள்.

“அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது, இப்படி வெட்டுறாய்?”

“வீரன் எண்டா ஆர் எண்டு கேட்டன். எல்லாரும் ஒரே மாதிரி எழுதியிருக்கினம். நல்லவன், துணிஞ்சவன், மற்றாக்களுக்காக உயிரைக் குடுக்கிறவன். எல்லாம் பிழை.”

“பிழையா? மறுகா ஆர் வீரன்?”

“கிரேக்கத்தில, மாமா, வீரன் எண்டா முதல்ல செத்திருக்க வேணும். உயிரோட இருக்கிறவனை அப்படிக் கும்பிடமாட்டினம். அவனுக்கு ஒரு சமாதி வேணும். பாதி கடவுள், பாதி மனிசன், ரெண்டிலயும் பொருந்தமாட்டான். பெரிய காரியம் ஒண்டு செய்வான், அதே கையால பெரிய அநியாயமும் செய்வான். ஒருத்தன் பைத்தியம் பிடிச்சுத் தன்ட பிள்ளைகளையே கொலை செய்தவன். இன்னொருத்தன் குத்துச்சண்டைக்காரன். பரிசு தரேல்ல எண்ட கோவத்தில பள்ளிக்கூடத் தூணை இழுத்து விழுத்தினான். கூரை பிள்ளைகளுக்கு மேல விழுந்தது. சனம் கல்லோட கலைக்க, ஒரு பெட்டிக்குள்ள பூந்து மூடிக்கொண்டான். உடைச்சுப் பார்த்தா, வெறும் பெட்டி. போய்க் குறி கேட்டாங்க. சாமி என்ன சொன்னது தெரியுமா? அவன் வீரன், படையல் வையுங்கோ எண்டது.”

“பிள்ளைகளைக் கொலை செய்தவனுக்கா? எதுக்கு?”

“பயத்தில.” லக்சனா பேனையை மூடினாள். “வீரன் போறதில்ல மாமா. சமாதியிலயே இருப்பான். கவனிச்சா ஊரைக் காப்பான். பட்டினி போட்டா வருத்தம் வரும், பஞ்சம் வரும், வீட்டில உள்ளதுகள் ஒவ்வொண்டா மெலிஞ்சு போகும். சமாதியில கிடங்கு தோண்டி, ரத்தம், வைன், அவனுக்கு எது விருப்பமோ அதை ஊத்துவினம்.”

“விருப்பமானதை.”

“ஓம். அவன் நல்லவனா எண்டு ஒருத்தரும் கேக்கிறதில்ல. என்ன தின்னுவான் எண்டுதான் கேப்பினம்.”

மாமாங்கத்துக்குக் கத்தரிக்காய்க் குழம்பு ஞாபகம் வந்தது. தேத்தண்ணியை வைத்த இடத்திலேயே விட்டு எழும்பினார்.

மறுநாள் காலை, டொக்டர் வருவதற்கு முன்னால், இராசலட்சுமியின் குசினியில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். கயிறு, போத்தல், ஓட்டை, ஒலிவாங்கி, பன்றித்தோல், ஏலக்காய். சொல்லும்போது தொண்டைக்குள் ஏதோ ஏறுகிறதா என்று இடையிடையே விழுங்கிப் பார்த்துக்கொண்டார். பின்கதவுப் பக்கம் ஏரித் தண்ணீர் மணத்தது.

இராசலட்சுமி சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

“பண்டி காலை வணக்கம் சொன்ன கதை மாதிரியா இதுவும்?”

“பண்டி சொன்னதும் உண்மைதான் தங்கச்சி. ஆனா இது அதைவிட உண்மை.”

“வெள்ளிக்கிழமையிலயா?”

“ஓம்.”

“கார்த்திகை விளக்கீடு வெள்ளியில வந்த வருசம்?”

“அண்டைக்கு ரெண்டு கிளாசோட நிப்பாட்டிட்டான்.”

“ஏலக்காய்…” என்றாள். “நான் அந்த மணத்தைக் கும்பிட்டனான் அண்ணன். சாமியறை மணமெண்டு நினைச்சு, படுத்த பிறகு அவர்ட தோளில முகத்தை வச்சு மணந்து கும்பிட்டனான்.”

அழப்போகிறாள் என்று மாமாங்கம் தலையைக் குனிந்தார். கேட்டதோ வேறு சத்தம். வெண்கலத் தாம்பாளம் சுவரில் பட்டுக் கீழே விழுந்து சுழன்றது.

“முப்பத்துநாலு வருசம்! நண்டு வாங்கிற கடைக்கு முன்னால மூச்சைப் பிடிச்சுக்கொண்டு நடந்தனான்! என்ட தம்பி கலியாணத்தில இறால் பொரியலைத் தள்ளி வச்சனான்! இந்தாள் அங்க பண்டித்தோலைக் கறுமுறு எண்டு… கள்ள மனிசன்! கள்ள வீரன்! நீங்களும் கள்ளன்! கத்தரிக்காயெண்டு சொன்னீங்களே, கூசாம!”

“கூசினதுதான் தங்கச்சி.”

“சத்தம் போடாதீங்க!”

டொக்டர் வந்தபோது நோயாளி கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். இரத்த அழுத்தம் நன்றாக ஏறியிருந்தது. டொக்டருக்கு அது நல்ல செய்தியாகவே பட்டது. ஆஸ்பத்திரியை அடுத்த கிழமை பார்ப்போம் என்று போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை, முப்பதாம் நாள், பின்னேரம் நாலு மணி. டிசம்பரில் அந்த நேரத்துக்கு விபோர்க் மயானத்தில் நல்ல இருட்டு. கத்தரித்த வேலிச் செடிகள், சீவிவிட்ட சரளைக்கல், அங்கங்கே சமாதிகளில் சின்ன விளக்குகள். நவரத்தினத்தின் சாம்பல் கலசம் மூன்றாம் வரிசையில், ஒரு தபால்காரருக்கும் ஒரு பல் வைத்தியருக்கும் நடுவில். இராசலட்சுமி ஒரு பையில் சட்டியோடு நடந்தாள். மாமாங்கம் இன்னொரு பையில் பன்றித்தோலும் போத்தலும் கொண்டு, அவளுக்கு இரண்டு அடி பின்னால் நடந்தார். புல் முழுக்க வெண்பனி.

அவள் பூச்செடிக் கரண்டியால் கலசத்துக்குப் பக்கத்தில் ஒரு முழக் கிடங்கு தோண்டினாள். பிறகு அதில் ஒன்றும் போடாமல், பக்கத்தில் கிடந்த மரப்பலகை வாங்கில் உட்கார்ந்து, சட்டியைத் திறந்தாள்.

நண்டுக் குழம்பு. முருங்கையிலை போட்டு, தேங்காய்ப்பால் விட்டு, மட்டக்களப்புப் பக்குவத்தில். ஆவி எழும்பி விளக்கு வெளிச்சத்தில் நின்றது.

“தங்கச்சி, முதல்ல அவனுக்கு…”

“முதல்ல எனக்கு.”

ஒரு காலை எடுத்துக் கடித்தாள். ஓடு உடைந்த சத்தம் மூன்று வரிசை தாண்டிக் கேட்டிருக்கும். உறிஞ்சினாள். கண்ணை மூடினாள். அடுத்த கால். ஏழு நாள் பட்டினியும் முப்பத்துநாலு வருடப் பட்டினியும் ஒன்றாகச் சாப்பிட்டன.

ஏரிப் பக்கமிருந்து குளிர் வந்தது. வெண்பனிப் புல்லில் ஒரு கால்தடம் கறுப்பாகப் பதிந்தது, பிறகு இன்னொன்று. தபால்காரரின் சமாதியைச் சுற்றிக்கொண்டு வாங்குக்கு முன்னால் வந்து நின்றது. தடத்தில் தண்ணீர் ஊறியது. மாமாங்கம் இரண்டு கையாலும் தன் தொண்டையைப் பொத்திக்கொண்டார். எச்சில் விழுங்கும் சத்தம், மிகப் பக்கத்தில்.

“பொறுங்க,” என்றாள் இராசலட்சுமி, நிமிராமலே. “நான் தின்னு முடிக்கட்டும். அவசரமெண்டா தபால்காரரிட்டப் போய்க் கேளுங்க.”

தடம் அசையவில்லை. பொறுத்தது. எந்தக் கிரேக்க வீரனாவது இப்படிப் பொறுத்திருப்பானோ என்னவோ. கால் மணி நேரம் அவள் தின்றாள். அந்தக் கால் மணி நேரமும் அது நின்றது. அவள் விரலைச் சப்பி முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, கேட்டாள்.

“அந்தப் பிள்ளையை உண்மையா நீங்கதான் தூக்கிப் போட்டதா?”

பதில் மாமாங்கத்திடமிருந்துதான் வந்தது. “அது உண்மை. போத்தல் ஒரு கையில இருந்தது. பிள்ளையைத் தூக்க ரெண்டு கை வேணும். போத்தலை விட்டிட்டான். பாதிக்கு மேல இருந்த போத்தல் தங்கச்சி. அவன் அதைவிடப் பெரிய காரியம் ஒண்டும் செய்ததில்ல.”

அவள் எழும்பினாள். பன்றித்தோலைக் கைபட அள்ளிக் கிடங்கில் போட்டாள். போத்தலைத் திறந்து ஊற்றினாள். மண் அதைக் குடித்த விதத்தைப் பற்றி மாமாங்கம் பிறகு பலருக்குச் சொன்னார், ஒருவரும் நம்பவில்லை: ஊற்ற ஊற்ற, கீழே ஒரு துளி தேங்காமல், நல்ல தாகக்காரன் குடிப்பதுபோல இழுத்தது. சுற்றியிருந்த வெண்பனி ஒரு பாயளவுக்கு உருகியது. கடைசியாக, சட்டியின் அடியில் ஒதுக்கி வைத்திருந்த மிகப் பெரிய நண்டுக் காலை எடுத்தாள். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு அதையும் போட்டாள்.

“நாளைக்குப் போயிடுவானா?” என்று மாமாங்கம் மெல்லக் கேட்டார்.

“ஆர் விட்டது? வீரன் எங்கயும் போறதில்லையெண்டு மகள் சொல்லுது. இருக்கட்டும். நான் வெள்ளிக்கு வெள்ளி வந்து இவருக்கு முன்னால நண்டு தின்னப் போறன். முப்பத்துநாலு வருசத்துக்கும்.”

கிடங்குக்குள் ஏதோ அசைந்தது. மண் தள்ளுப்பட்டு, நண்டுக் கால் மேலே வந்து அவள் சப்பாத்தடியில் விழுந்தது. இராசலட்சுமி குனிந்து எடுத்து விளக்கில் பிடித்துப் பார்த்தாள். ஓட்டில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அது முழுக்க நக்கப்பட்டு, மினுங்கிக்கொண்டிருந்தது.

அவள் முகத்தில் அப்போதுதான், முப்பது நாளில் முதல்தரமாக, இளக்கம் வந்தது.

“பாவம், கடிக்கேலாமக் கிடக்கு,” என்றாள். “பொய்ப் பல்லுக்கட்டு வீட்டில கிளாசுக்குள்ள எல்லோ இருக்கு. அடுத்த வெள்ளி அதையும் கொண்டு வரவேணும், அண்ணன்.”